கொட்டலசின் குலமும் வரலாறும்

கடல்நீர் வடிந்த வேளையில், அலை மோதும் பாறையையோ துறைமுகத்தின் கற்சுவரையோ உற்று நோக்கியவர்கள், அவற்றின்மீது வெண்ணிறமான சிறு கூம்புகள் நெருங்கி ஒட்டியிருக்கக் கண்டிருப்பர். வெறுங்காலோடு அப்பாறைமேல் ஏறியவர்களோ, அக்கூம்புகளின் கூர்மையையும் உணர்ந்திருப்பர். நெடுநாள் கடலில் மிதந்த மரத்துண்டிலும், படகின் அடிப்புறத்திலும், ஆமையின் முதுகோட்டிலும்கூட இவை படிந்து கிடக்கும். இவற்றைக் கொட்டலசு என்பர். கப்பலின் அடியில் இவை மிகுமாயின், கப்பலின் விரைவு குறையும், எரிபொருட்செலவு கூடும். ஆதலின் கலத்தைக் கரையேற்றி இவற்றைச் சுரண்டி நீக்குவது கடல்தொழில் செய்வோருக்குத் தவிர்க்க முடியாத வேலையாக இருந்து வருகிறது.

கொட்டலசு எந்தக் குலத்தைச் சேர்ந்தது? கல்போன்ற ஓடு உடையது. இருந்த இடத்தை விட்டு அசையாதது. பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது. இவற்றைக் கருதினால், சிப்பிக்கும் கிளிஞ்சலுக்கும் இது நெருங்கிய உறவு என்றே எவரும் கூறுவர். ஆயின், உண்மை அதுவன்று. கொட்டலசு இறாலுக்கும் நண்டுக்கும் உறவினன்! ஓடியாடித் திரியும் இறால் எங்கே, பாறையில் பதிந்து கிடக்கும் இக்கூம்பு எங்கே என்று நீங்கள் வியக்கலாம். இவ்வுறவை அறிஞர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும், பழம்பாறைகளில் புதைந்து கிடக்கும் எச்சங்கள் அதற்கு எவ்வாறு சான்று பகர்கின்றன என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

கொட்டலசுகளில் காம்புடையனவும் உண்டு. அவற்றின் உடல், சதைப்பற்றுள்ள ஒரு காம்பின் நுனியில், நீலம் தோய்ந்த வெண்தகடுகளுக்கு நடுவே அமைந்திருக்கும். தகடுகளின் இடுக்கிலிருந்து இறகு போன்ற கால்கள் வெளியே நீளும். முற்காலத்தில் ஐரோப்பாவின் மேலைக் கடற்கரைகளில் வாழ்ந்த மக்கள், கரையொதுங்கிய மரங்களில் இவை கொத்துக் கொத்தாகத் தொங்கக் கண்டனர். அக்கரைகளுக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒருவகை வாத்துகள் கூட்டமாக வந்தன. கோடை வந்ததும் மறைந்தன. அவற்றின் கூட்டையோ முட்டையையோ அங்கு எவரும் கண்டதில்லை. ஆகவே, மரத்தில் தொங்கும் இவ்வுயிர்களே முற்றி வாத்துகளாகின்றன என்று மக்கள் நம்பினர். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேல்சு நாட்டு ஜெரால்டு என்னும் கற்றறிந்த மதகுருவும் இதனை உண்மையென்றே எழுதி வைத்தார். 1597-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மூலிகை நூலொன்றில், வாத்துக் காய்க்கும் மரத்தின் படமே இடம்பெற்றது!

உண்மையில் அவ்வாத்துகள் வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து போன்ற குளிர்நாடுகளில் கூடு கட்டுவன. அவ்விடங்களை அன்றைய மக்கள் கண்டதில்லை. வாத்தின் பிறப்பையும் அவர்கள் கண்டிலர். கொட்டலசின் பிறப்பையும் கண்டிலர். இரண்டு அறியாமைகள் ஒன்று சேர்ந்து ஒரு கதையை ஈன்றன. ஓர் உயிரின் தோற்றத்தை மட்டும் கண்டு, அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் காணாதவர் அதன் குலத்தை அறிய இயலாது என்பதற்கு இக்கதை நல்லதொரு சான்றாகும்.

கதையை நம்பாத அறிவியலாளரும் நெடுங்காலம் வேறொரு வகையில் ஏமாந்தனர். உயிர்களை முறைப்படி வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 18-ஆம் நூற்றாண்டில் கொட்டலசைச் சிப்பிகளோடு சேர்த்து, ஓடுடைய உயிர்களின் வரிசையில் வைத்தார். அவருக்குப் பின் வந்த பிரெஞ்சு அறிஞர் குவியே, விலங்குகளின் உள்ளுறுப்புகளை அறுத்து ஆராய்வதில் இணையற்றவர். கொட்டலசின் கால்கள் கணுக்கணுவாக இருப்பதை அவர் அறிந்தே இருந்தார். இருந்தும், 1817-இல் வெளியிட்ட தம் பெருநூலில் அதனை மெல்லுடலிகளின் கூட்டத்திலேயே சேர்த்தார். கால்கள் ஒன்று கூறின. ஓடு வேறொன்று கூறியது. ஓட்டின் சொல்லே அன்று வென்றது.

இவ்வழக்கைத் தீர்த்து வைத்தவர் பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். படைமருத்துவராகப் பணியாற்றிய ஜான் வாகன் தாம்சன் என்பவர். அவர் அயர்லாந்தின் கார்க் துறைமுகப் பகுதியில் பணியில் இருந்தார். மெல்லிய துணியால் செய்த வலையைப் படகின் பின்னே கட்டி இழுத்து, கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்து ஆராய்வது அவருடைய வழக்கம். 1826-ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில் அவர் வலையில் சில சிற்றுயிர்கள் அகப்பட்டன. அவற்றின் உடல் ஒளி ஊடுருவும் தன்மையது. இரு மடல்களாலான மெல்லிய ஓட்டினுள் அடங்கியது. கால்களை அடித்து அவை துள்ளித் துள்ளி நீந்தின. அவை இறால் இனத்தைச் சார்ந்த ஏதோ ஒன்று என்பதில் ஐயமில்லை. தாம்சன் அவற்றைக் கடல்நீர் நிரம்பிய கண்ணாடிக் கலத்தில் இட்டு நாள்தோறும் கவனித்து வந்தார்.

சில நாட்கள் கழிந்தன. அவற்றுள் இரண்டு கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, தம் பழைய தோலைக் கழற்றி எறிந்திருந்தன. தோல் நீங்கிய உடலைத் தாம்சன் உற்று நோக்கினார். அங்கே இருந்தது இறாலன்று, சின்னஞ்சிறு கொட்டலசு! நீந்தித் திரிந்த உயிர், தன் நீச்சலைத் துறந்து, கல்லுறையும் வாழ்வை மேற்கொண்டு விட்டது. இச்செய்தியை அவர் 1830-இல் வெளியிட்டார். பின்னர் ஜெர்மானிய அறிஞர் பர்மீஸ்டரும் தாமே ஆராய்ந்து, 1834-இல் இதனை உறுதி செய்தார். கொட்டலசு சிப்பிகளின் கூட்டத்தினின்று நீங்கி, இறாலும் நண்டும் அடங்கிய கிரஸ்டேஷியா என்னும் ஓட்டுடலிகளின் வகுப்பில் இடம் பெற்றது.

இனி, கொட்டலசின் வளர்ச்சியை முறையாக அறிவோம். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிருக்கு மூன்று இணைக் கால்களும் ஒற்றைக் கண்ணும் உண்டு. இதற்கு நாப்பிளியஸ் என்பது பெயர். இறால் இனங்கள் சிலவும் இத்தகைய இளமைப் பருவத்தை உடையன. ஆயினும், நெற்றியின் இருபுறத்தும் இரு கொம்புகள் நீண்டிருப்பதைக் கொண்டு கொட்டலசின் பிள்ளையை இனங்கண்டு கொள்ளலாம். இது பலமுறை தோலுரித்து வளர்ந்தபின், இரட்டை மடல் ஓடும் ஆறு இணை நீந்துகால்களும் உடைய வேறொரு வடிவம் கொள்ளும். இதுவே சைப்ரிஸ் என்னும் பருவம். தாம்சனின் வலையில் அகப்பட்டது இப்பருவத்து உயிரே.

சைப்ரிஸ் உணவு உண்பதில்லை. தங்குவதற்கு ஏற்ற இடத்தைத் தேடுவதே அதன் ஒரே வேலை. தன் உணர்கொம்புகளால் பாறையைத் தொட்டுத் தொட்டு நடந்து, இடம் பொருந்துமாயின், அக்கொம்புகளின் வழியே ஒருவகைப் பசையைச் சுரந்து தலையை அங்கே ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டியபின் அது மீண்டும் நீந்தப் போவதில்லை. பின்னர் உடலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகள் எழும். நீந்துவதற்குப் பயன்பட்ட ஆறு இணைக் கால்கள் நீண்டு சுருண்டு இறகு போலாகும். அலை மேலே வரும்போது மூடி திறக்கும். சுருட்கால்கள் வெளியே நீண்டு, நீரை வாரி அதிலுள்ள நுண்ணுணவை உள்ளே சேர்க்கும். நீர் வடிந்ததும் மூடி இறுக அடைத்துக்கொள்ளும். சுருங்கக் கூறின், கொட்டலசு என்பது தலைகீழாக நின்று, தான் கட்டிய சுண்ணாம்பு வீட்டினுள் இருந்தவாறு காலால் உணவு தேடும் ஓர் இறாலினம் எனலாம். வீட்டுச்சுவர் நிலைத்து நிற்க, உள்ளிருக்கும் உடல் மட்டும் இறாலைப் போலவே அவ்வப்போது தோலுரிக்கும். குலத்தின் வழக்கத்தை அது முற்றிலும் விட்டுவிடவில்லை.

இளமையே குலத்தை உணர்த்தும் என்பதற்கு இன்னும் வியப்பான சான்று ஒன்றுண்டு. சில நண்டுகளின் வயிற்றுப்புறத்தில் மஞ்சள் நிறமான பை ஒன்று ஒட்டியிருக்கும். அதற்குக் காலில்லை, வாயில்லை, குடலில்லை, ஓடுமில்லை. மரத்தின் வேரைப் போல் நண்டின் உடலெங்கும் இழைகளை ஓடவிட்டு, அதன் சத்தை உறிஞ்சி அது வாழ்கிறது. சாக்குலினா எனப்படும் இவ்வொட்டுண்ணியை முழு வளர்ச்சியில் கண்டவர் எவரும் அதன் உறவை ஊகிக்க முடியாது. அதே தாம்சன் 1836-இல் அதன் இளவுயிரை விவரித்தார். கொட்டலசின் பிள்ளைக்குரிய அடையாளங்கள் அதனிடம் காணப்பட்டன. உருவம் அனைத்தையும் இழந்த அவ்வுயிரும் கொட்டலசின் சுற்றமே என்பது இதனால் விளங்கிற்று.

கொட்டலசு ஓட்டுடலி என்பது தெளிவாயிற்று. ஆயின், உலகக் கடல்கள் எங்கும் பரவியுள்ள அதன் எண்ணற்ற வகைகளைப் பிரித்து, ஒழுங்குபடுத்தி, பெயரிடும் பணி எஞ்சி நின்றது. அதனை மேற்கொண்டவர், உயிர்களின் தோற்றம் பற்றிய கொள்கையால் பின்னாளில் உலகப் புகழ் எய்திய சார்லஸ் டார்வின் ஆவார்.

டார்வின் இளமையில் பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். 1835-இல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையை அடுத்த தீவுகளில், துளைகள் நிறைந்த ஒரு கடற்சங்கினைக் கண்டெடுத்தார். துளைகளுக்குள் குண்டூசியின் தலையளவே உள்ள சிற்றுயிர்கள் வாழ்ந்தன. அவை ஓடே இல்லாத கொட்டலசுகள் என்பது உருப்பெருக்கியால் தெரிய வந்தது. ஊர் திரும்பிய டார்வின், 1846-இல் அதனைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதத் தொடங்கினார். அதனை விளக்க வேறு கொட்டலசுகளோடு ஒப்பிட வேண்டியிருந்தது. அவற்றை விளக்க இன்னும் பல வகைகள் தேவைப்பட்டன. சில திங்களில் முடியும் என்று எண்ணிய வேலை எட்டு ஆண்டுகள் நீண்டது!

அவ்வெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டாண்டு நோயினால் கழிந்தது. எஞ்சிய நாட்களில் அவர் உருப்பெருக்கியின்முன் அமர்ந்து, பல நாடுகளிலிருந்தும் அருங்காட்சியகங்களிலிருந்தும் வந்த மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார். சில வகைகளின் உடலில் மிக நுண்ணிய சிற்றுயிர்கள் ஒட்டியிருந்தன. முதலில் அவை ஒட்டுண்ணிகளாகவே தோன்றின. பொறுமையோடு ஆராய்ந்தபோது, அவை அதே இனத்தின் ஆண்கள் என்பது புலனாயிற்று. தந்தை எப்போதும் இவ்வேலையிலேயே ஆழ்ந்திருக்கக் கண்டு வளர்ந்த அவருடைய குழந்தைகளுள் ஒன்று, அண்டை வீட்டாரைக் குறித்து, “அவர் எங்கே உட்கார்ந்து கொட்டலசு வேலை செய்வார்?” என்று வினவியதாகக் கூறுவர். எல்லாத் தந்தையரும் கொட்டலசைத்தான் ஆராய்வர் என்று அக்குழந்தை எண்ணிற்று போலும்!

1851 முதல் 1854 வரையிலான ஆண்டுகளில் உயிருடன் உள்ள கொட்டலசுகளைப் பற்றி இரண்டு பெருநூல்களும், பாறைகளில் புதைபடிவமாய்க் கிடக்கும் கொட்டலசுகளைப் பற்றி இரண்டு நூல்களும் ஆக நான்கினை டார்வின் எழுதி முடித்தார். புதைபடிவ ஆராய்ச்சி எளிதன்று. கொட்டலசு இறந்தபின் அதன் தகடுகள் பெரும்பாலும் தனித்தனியே கழன்று சிதறும். ஒற்றைத் தகட்டின் விளிம்பையும் வரிகளையும் கொண்டே அது எவ்வினத்தின் எப்பகுதி என்று உறுதி செய்தல் வேண்டும். உடைந்த ஓட்டுச்சில்லு ஒன்றைக் கொண்டு பானையின் வடிவத்தை வரைவது போன்றது அவ்வேலை.

அந்நூல்களை எழுதும்போது டார்வின் ஒரு முடிவுக்கு வந்தார். பாறையோடு நேரே ஒட்டி வாழும் காம்பில்லாக் கொட்டலசுகளின் எச்சங்கள், பிற்காலப் பாறைகளில் மிகுதியாகக் கிடைத்தன. ஆனால், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற கிரீட்டேசியக் காலத்துப் பாறைகளில் அவருக்கு ஒன்றேனும் கிடைக்கவில்லை. இவற்றின் தகடுகளோ உறுதியானவை. கடல்தோறும் பரவி வாழ்பவை. முன்னரே இவை இருந்திருந்தால் எச்சம் கிடைக்காமற் போகுமா? ஆகவே, கிரீட்டேசியக் காலத்தில் இவ்வினம் இல்லை என்று அவர் முடிவு செய்தார். ஆயினும், ஓரினம் முன்னோர் எவருமின்றித் திடீரெனத் தோன்றுவது, உயிரினங்கள் சிறிது சிறிதாக மாறித் தோன்றின என்னும் அவருடைய கொள்கைக்கே இடராக இருந்தது.

நூல் வெளிவந்த சிறிது காலத்துக்குள் பொஸ்கே என்னும் புதைபடிவ அறிஞரிடமிருந்து ஒரு படம் வந்து சேர்ந்தது. பெல்ஜியம் நாட்டின் சுண்ணக்கட்டிப் பாறையிலிருந்து அவர் தம் கையாலேயே எடுத்த ஒரு காம்பில்லாக் கொட்டலசின் படம் அது. தாம் இல்லை என்று கூறியது இருக்கிறதே என்று டார்வின் வருந்தவில்லை; அதனை மறைக்கவும் இல்லை. 1859-இல் வெளியிட்ட உலகப் புகழ்பெற்ற தம் நூலில், தாம் கொண்ட முடிவையும், அது தவறிய விதத்தையும் ஒளிவு மறைவின்றி எழுதினார். இதுவரை கிடைக்கவில்லை என்பது வேறு. இருந்ததே இல்லை என்பது வேறு என்ற பாடத்தை அவர் தம் பிழையைக் கொண்டே உலகுக்குக் கற்பித்தார். அதன்பின் கிரீட்டேசியக் காலத்துப் பாறைகளிலிருந்து காம்பில்லாக் கொட்டலசுகள் வேறு சிலவும் கிடைத்தன.

இன்று அறிஞர் அறிந்துள்ள கொட்டலசு இனங்கள் ஏறத்தாழ 2,100. சுருண்ட கால்களை உடைமையால் இக்கூட்டத்துக்குச் சிர்ரிபீடியா என்று பெயரிட்டுள்ளனர். இதனை மூன்று பெரும்பிரிவுகளாகப் பகுப்பர். தகடுகளால் உடலைக் காத்துக்கொள்வன முதற்பிரிவு. காம்புடையனவும் காம்பில்லாதனவும் இதில் அடங்கும். சங்கு, பவளம், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றைத் துளைத்து உள்ளே வாழ்வன இரண்டாம் பிரிவு. டார்வின் கண்ட குண்டூசித் தலையளவு உயிர் இப்பிரிவினது. சாக்குலினாவைப் போல் வேரோடிப் பிற ஓட்டுடலிகளின் உடலில் வாழ்வன மூன்றாம் பிரிவு. கூம்பு, துளைவாசி, வேரோடும் பை என்று உருவால் இத்துணை வேறுபட்டிருப்பினும், கொட்டலசுக்குரிய இளமைப் பருவத்தின் அடையாளங்களே இவற்றை ஒரு குலமாக இணைக்கின்றன.

இக்குலத்தின் தொன்மைதான் எத்துணை? எஸ்தோனியா நாட்டின் தீவொன்றில், இன்று அழிந்துபட்ட கடல்தேள் ஒன்றின் எச்சத்தோடு ஒட்டியிருந்த காம்புடைய சிற்றுயிரை, ஆங்கில அறிஞர் வில்ஸ் 1962-இல் கொட்டலசு என்று விவரித்தார். அது சிலூரியன் காலத்தைச் சேர்ந்தது. அக்காலம் முடிவுற்று ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மிகப் பழைய கொட்டலசுகளின் போர்வை சுண்ணாம்பால் ஆனதன்று. ஆதலின் அவை எளிதில் அழிந்தொழிந்தன. எச்சங்கள் அரிதாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வலிய சுண்ணாம்புத் தகடுகள் பிற்காலத்திலேயே அமைந்தன. முதலில் காம்புடையன பெருகின. காம்பில்லாதன நெடுங்காலத்துக்குப் பின்னரே தோன்றி, அலைமோதும் பாறைகளைத் தமக்கு உரிமையாக்கிக் கொண்டன.

இங்கிலாந்தின் ஹெர்போர்ட்ஷயர் பகுதியில், சிலூரியன் காலத்து எரிமலைச் சாம்பலில் புதைந்த கடலுயிர்கள் கல்லுருண்டைகளுக்குள் உருக்குலையாமல் கிடக்கின்றன. அவ்வுருண்டைகளை அறிஞர் மிக மெல்லிய அளவில் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் படமெடுத்து, அப்படங்களைக் கணிப்பொறியில் அடுக்கி, உள்ளிருந்த உயிரின் முழு வடிவத்தை மீண்டும் படைக்கின்றனர். 2005-இல் இவ்வாறு வெளிப்பட்ட ஓர் உயிரின் இரண்டு பருவங்கள் கிடைத்தன. ஒன்று, இரட்டை மடல் ஓட்டோடு நீந்திய இளமைப் பருவம்; மற்றொன்று, நீச்சலை விட்டு ஒட்டிக்கொண்ட இளங்கொட்டலசு. 1826-இல் கார்க் துறைமுகத்தில் தாம்சன் கண்ணாடிக் கலத்தில் கண்ட அதே மாற்றத்தை, 42 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கல் தன் நெஞ்சில் பதித்து வைத்திருந்தது!

புதைந்த கொட்டலசுகள் தம் கதையை மட்டுமன்றிப் பிறர் கதையையும் கூறுகின்றன. திமிங்கிலத்தின் தோலில் ஒட்டி வாழும் கொட்டலசுகள் உண்டு. திமிங்கிலம் செல்லும் கடலின் தன்மைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப, அவற்றின் ஓட்டில் படியும் உயிர்வளியின் கூறுகள் வேறுபடும். ஓடு வளர வளர, பயணத்தின் குறிப்பு அதில் வரிவரியாகப் பதிகிறது. புதைபடிவமான அத்தகைய ஓடுகளை 2019-இல் ஆராய்ந்தவர்கள், இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரும் திமிங்கிலங்கள் இன்றுபோல் நெடும்பயணம் செய்தன என்று கண்டனர். நடவாத கொட்டலசு, நெடுவழி நடந்த திமிங்கிலத்துக்கு நாட்குறிப்பு எழுதி வைத்தது போலும்!

மாணவர்களே! வாத்தாகக் கருதப்பட்டது, சிப்பியாக மதிக்கப்பட்டது, இறுதியில் இறாலின் உறவென்று அறியப்பட்டது கொட்டலசின் வரலாறு. ஓட்டைக் கண்டு முடிவு செய்தோர் தவறினர். கலத்தில் இட்டு நாள்தோறும் கவனித்தவர் உண்மை கண்டார். எட்டாண்டு உழைத்தவர் அதனை ஒழுங்குபடுத்தினார். தம் பிழையைத் தாமே எடுத்துரைத்து மேலும் உயர்ந்தார். அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, அலை படும் பாறையருகே சற்றே குனிந்து நோக்குங்கள். நீர் ஏறும் வேளையில் சிறு மூடி ஒன்று மெல்லத் திறக்கும். சுருண்ட கால்கள் வெளியே நீண்டு நீரை வாரும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஓயாது இயங்கிவரும் கால்கள் அவை.